ததேயுவின் கல்லுக்கு ஒரு படம்

ஒரே ஒரு படம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கடல் கடந்து போனேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? விசா விண்ணப்பத்தில் 'நண்பர் வீட்டு நிகழ்ச்சி' என்று எழுதிவிட்டேன். அது பொய்யும் இல்லை. கல்லறைத் திருநாளுக்கு நண்பனின் கல்லறையில் கல் வைக்கப் போகிறார்கள். அந்தக் கல்லில் ஒரு படம் பொறிக்க வேண்டும். அந்தப் படம் என் பையில் இருந்தது.

நான் பிறந்தது பருத்தித்துறையில். சிறுமியாக இருந்தபோதே பெற்றோர் என்னைச் சுவிஸுக்குக் கொண்டு போய்விட்டார்கள். அங்கே நிலத்துக்கு அடியில் பெரிய வளையம் ஒன்றில் புரோட்டான்களை எதிரெதிரே ஓடவிட்டு மோதச் செய்கிறார்கள். மோதலில் தெறிக்கும் துகள்கள் போன தடத்தை டிடெக்டர் பதிந்துகொள்ளும். அந்தத் தடங்களைத் திரையில் படமாக வரைந்து காட்டும் நிரல்களை எழுதுவது என் வேலை. என் அறையில் எதிர் மேசைக்காரன் ததேயு. தூத்துக்குடிக்காரன். என்னைவிடப் பல வயது இளையவன், தம்பி என்றுதான் கூப்பிடுவேன். போன குளிர்காலத்தில் இரத்தப் புற்றுநோய் அவனைக் கொண்டுபோய்விட்டது. அவன் மனைவி ரெஜினா உடலோடு ஊர் திரும்பினாள்.

அவளிடமிருந்துதான் அழைப்பு வந்தது. "அக்கா, அவிய அத்தானுக்கு அனுப்புன படத்தக் கல்லுல போடணும்னு அத்தான் ஒத்தக் கால்ல நிக்காவ. எதாவது தப்பாப் போட்டுட்டா அவியளுக்குப் பிடிக்காது. நீங்க ஒரு எட்டு வந்து பாத்துக் குடுத்தா நல்லாருக்கும்." 'அவிய' என்றது ததேயுவை. அத்தான் என்பது ததேயுவின் அண்ணன் லூர்து. வருகிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் எந்தப் படம் என்பது உறைத்தது.

தூத்துக்குடியில் இறங்கும்போது மழை. டாக்சிக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே, "முத்து வாங்கவா மேடம் வந்தீய?" என்றார். "இல்லை, ஒரு கல்லறைக்கு வந்தனான்" என்றேன். கொஞ்ச தூரம் போன பின் மெல்ல, "வந்தனான்னு சொல்லுதீயளே, சிலோனா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அதன் பிறகு அவர் ஹாரன் அடிக்கும் போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரித்தார். சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. ஒரு டிரைவர் வண்டிக்கு அடியில் அடுப்பு மூட்டிச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். சாலையின் இரு பக்கமும் உப்பளங்கள், குவித்த உப்பின் மேல் தார்ப்பாய். நான் இருக்கும் ஊரில் லாரி ஒன்று வழியை மறித்தால் பத்திரிகையில் செய்தி வரும். இங்கே நாங்கள் நின்ற நேரத்தில் மனிதர் ஒருவர் சாவகாசமாக முகச்சவரம் செய்து முடித்துவிட்டார்.

லூர்து வீட்டுத் தெருமுனையில் ஒரு ஃபிளக்ஸ். டை கட்டிய ததேயு. அவனுக்குப் பின்னால் எங்கள் டிடெக்டர், உருண்டை வாயோடு. கீழே பெரிய எழுத்தில்: 'புதிய அணுத்துகளைக் கண்டுபிடித்த எங்கள் மண்ணின் மைந்தன்.' ஒரு பக்கக் கயிறு அறுந்து, காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

அப்படி ஒரு துகள் இல்லை. ததேயு கண்டுபிடித்ததாக நினைத்தான், சில நாட்கள் மட்டும். பிறகு இல்லை என்று ஆகிவிட்டது. இது எனக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்தில் எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும். இந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

லூர்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. துறைமுகத்தில் சுங்கத்திலிருந்து சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட். அவர் வாசலில் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். "வாங்க மேடம், வாங்க! ஏளா, குசினியிலயா இருக்க? தம்பி ஆபீஸ்ல இருந்து ஆளு வந்துட்டாவ, சோத்தப் போடு!" என்று உள்ளே கத்தினார். அவர் மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். குசினி என்ற சொல்லை அந்த வீட்டில் கேட்டதும் எனக்கு ஒரு கணம் என் அம்மா வீடு மாதிரி இருந்தது. நாங்களும் அடுக்களையைக் குசினி என்றுதான் சொல்வோம். விளமீன் குழம்பு, வெங்காயச் சம்பல் மாதிரி ஒன்று, அப்பளம். அவர்கள் குழம்பில் புளி தூக்கல். கண்ணில் நீர் வரும்வரை சாப்பிட்டேன், காரத்துக்கும் சேர்த்துத்தான்.

சாப்பிடும்போதே லூர்து போனை எடுத்துப் படத்தைக் காட்டினார். "இந்தா பாருங்க மேடம். இடது ஓரத்துல ஒரு கொத்துக் கோடு, வலது ஓரத்துல ஒரு கொத்து. ரெண்டும் ஒரே அடியில தெறிச்சு, ஒண்ண விட்டு ஒண்ணு எட்டாத தூரத்துல நிக்கி. நடுவுல என்னமோ ஒண்ணு இருந்து உடைஞ்சாத்தான் இப்படி வரும்னு தம்பி சொன்னான். நான் ஹார்பர்ல கஸ்டம்ஸ்காரன்ல இருந்து கிரேன் ஓட்டுதவன் வரைக்கும் எல்லாவனுக்கும் இத விளக்கியிருக்கேன். சரியாத்தான சொல்லுதேன்?"

எங்களிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்கள்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்ல மாட்டார்கள். நான் வாயில் சோற்றை அடைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியாது.

அவர் குரல் தாழ்ந்தது. "எத்தன கண்டெய்னர இந்தக் கையால வெளிய எடுத்துருக்கேன். தம்பி பெட்டி வந்த அன்னைக்கு எந்தப் பேப்பர எங்க நீட்டணும்னு தெரியல மேடம். ரெஜினாதான் எல்லாத்தையும் பாத்தா. நான் செவத்தப் பிடிச்சிட்டு நின்னேன்." பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டார். "அதான் கல்லாவது நல்லா வைக்கணும்னு இருக்கேன்."

என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. இதைச் சொல்லத் துணிவில்லாதவளுக்கு டிக்கெட் ஒரு கேடா? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல் வெட்டுகிறவருக்கு நான் முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பிய படம் லூர்து வைத்திருந்த படம் அல்ல. அதே மோதல்தான். ஆனால் ததேயு தன் பிழையைக் கண்ட பிறகு திருத்தி வரைந்த வடிவம். கல்லிலாவது சரியான படம் இருந்துவிட்டால் போதும், வாயைத் திறக்காமல் ஊர் போய்ச் சேரலாம் என்பது என் எண்ணம்.

மறுநாள் ரெஜினா ஸ்கூட்டரில் வந்தாள். அங்கே எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தபோது பனியில் நடக்கவே பயப்படுகிறவள். இங்கே லாரிகளுக்கு நடுவே மழையில் என்னை ஏற்றிக்கொண்டு பறக்கிறாள். இப்போது தொடக்கப்பள்ளி ஒன்றில் டீச்சர். "பிடிச்சுக்கிடுங்கக்கா" என்று ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் சொன்னாள். பள்ளங்கள் அதிகம், ஆகவே வழியெல்லாம் வேறு பேச்சு இல்லை.

கல் வெட்டும் கடை ஊருக்கு வெளியே இருந்தது. கடைக்காரர் உடன்குடிப் பக்கத்து ஆள், எல்லோருக்கும் அண்ணாச்சி. நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு மாதா சொரூபத்துக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார். ஒழுங்கென்றால் அப்படி ஒரு ஒழுங்கு. உளிகள் அளவு வாரியாக வரிசையில், துடைத்த துணிகூட மடித்து. எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். மரக்கட்டைகளின் மேல் ததேயுவின் கல் கிடந்தது. கறுப்புக் கிரானைட், மேலே குருசு, பெயர். பெயருக்குக் கீழே எழுத்தை ஏற்கெனவே வெட்டிப் பொன்வண்ணம் பூசியிருந்தார்: 'புதிய அணுத்துகளைக் கண்டுபிடித்த விஞ்ஞானி.' ஃபிளக்ஸ் மழையில் கிழிந்து போகும். இது போகாது. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"படம் மட்டும் பாக்கி. லேசர்ல போட்டுருவேன். நீங்க பாத்து ஓகே சொல்லிட்டா சாயங்காலமே முடிஞ்சிரும்" என்று கணினியைத் திருப்பிக் காட்டினார் அண்ணாச்சி.

பார்த்தேன். வலது ஓரத்தில் ஒரு பட்டையைக் காணோம்.

"இந்த ஓரம் எங்கே?"

"அதுவா மேடம்? நீங்க அனுப்புன படத்துல இடது ஓரத்துல உள்ளதே வலது ஓரத்துலயும் திரும்ப வந்துருந்துச்சு. கம்ப்யூட்டர் மிஸ்டேக்குன்னு நெனச்சு வெட்டிட்டேன். லூர்து அண்ணன் போன்ல உள்ளதுக்கும் இப்ப இது அச்சுஅசலா ஒத்துப்போகுது, பாத்துக்கிடுங்க."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். "ஐயோ கடவுளே, அதை ஏன் வெட்டினீங்கள்? அதுதானே இந்தப் படத்திலயே முக்கியம்!" என்று கத்திவிட்டேன். அண்ணாச்சி பதறி எழுந்து நின்றார். பாவம், அவர் மேல் என்ன தப்பு? உலகத்தில் ஒழுங்கான மனிதர் யாரும் அதைத்தான் செய்திருப்பார்.

ரெஜினா என்னைப் பார்த்தாள். "ஏன்க்கா, அது எதுக்கு முக்கியம்?"

இனி ஒளிய இடமில்லை. மேசையில் காப்பி ஃபிளாஸ்க் இருந்தது. அண்ணாச்சி ஓரம் வெட்டிய படத்தையே ஒரு தாளில் அச்செடுத்துத் தரச் சொன்னேன்.

"டிடெக்டர் ஒரு பீப்பாய் மாதிரி, ரெஜினா. மோதல் அதன்ர நடுவில நடக்கும். துகள் எல்லாம் வெளிய பார்த்து எல்லாப் பக்கமும் தெறிக்கும். முன்னால நிண்டு பார்த்தால் வட்டமாத் தெரியும், ஒண்டுக்கு மேல ஒண்டு விழுந்து குழம்பும். அதால நாங்கள் பீப்பாயை நீளவாக்கில ஒரு இடத்தில வெட்டி, பாய் மாதிரி விரிச்சுப் போடுறம். குறுக்கால பார்த்தால், துகள் பீப்பாயைச் சுத்தி எந்தக் கோணத்தில போனது எண்டு தெரியும். நெடுக்கப் பார்த்தால், எவ்வளவு முன்னுக்கு, எவ்வளவு பின்னுக்குச் சாஞ்சு போனது எண்டு தெரியும். இந்தப் படம் அந்த விரிச்ச பாய்தான்."

தாளை ஃபிளாஸ்க்கைச் சுற்றி மடித்தேன். ரெஜினா அதை என் கையிலிருந்து வாங்கி, தானே சுற்றினாள். இரண்டு ஓரமும் சேர்ந்தன. இடது ஓரத்துக் கொத்தும் வலது ஓரத்துக் கொத்தும் ஒட்டிக்கொண்டு ஒரே கொத்தாக நின்றன. அவள் அதை விலக்கினாள், மறுபடி சேர்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணா?"

"ஒண்டுதான். ஒரே தெறிப்பு. நாங்கள் வெட்டின இடத்தில சரியா விழுந்திட்டுது. பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம்."

"அப்போ அத்தான் சொல்லுத புதுத் துகள்?"

"இல்லை ரெஜினா. அப்பிடி ஒண்டு இல்லை."

அண்ணாச்சி சத்தமில்லாமல் எழுந்து காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்த நாகரிகத்தை நான் மறக்க மாட்டேன்.

ரெஜினா கல்லருகே போய் நின்றாள். வெட்டிய எழுத்துகளின் பள்ளத்தில் விரலை ஓட்டினாள். "அவியளுக்கு இது தெரியுமா?"

"அவர்தான் கண்டுபிடிச்சவர். நாலைந்து பேர் அந்தப் படத்தைப் பார்த்தனாங்கள். நானும் பார்த்தனான், ஒருத்தருக்கும் பிடிபடேல்ல. கணக்குப் போட்ட நிரலும் ஒரு கோணத்திலயிருந்து மற்றதைக் கழிச்சுப்போட்டு, பெரிய இடைவெளி எண்டு சொல்லிச்சுது. சுத்தி வந்தால் ரெண்டும் பக்கத்திலதான் எண்டு அதுவும் பார்க்கேல்ல. எங்கட தொழில்ல எல்லாரும் ஒருக்காவாவது விடுற பிழை. ஒருநாள் தம்பி கன்டீனில வந்து, 'அக்கா, நான் ஒரு மடையன், ஒண்ண ரெண்டா எண்ணிட்டேன்' எண்டார். அண்டைக்கே குழுவுக்கு எழுதினார். பிறகுதான் இந்த ஓரத்தைச் சேர்த்தவர். இடது பக்கத்தில கொஞ்சத்தை எடுத்து வலது பக்கத்தில திரும்பக் காட்டினால், வெட்டின இடத்தில விழுந்தது எதுவும் ஒரு பக்கமாவது முழுசாத் தெரியும். இண்டைக்கு அங்க இந்தப் படத்தைத் திறக்கிற எல்லாரும் அந்த ஓரத்தோடதான் பார்க்கினம். ஆர் செய்தது எண்டு அவங்களுக்குத் தெரியாது."

அவள் அழவில்லை. முகம் மட்டும் கொஞ்சம் வெளுத்தது. "எங்கிட்ட அப்பவே ஒரு நாள் சொன்னாவ, அண்ணங்கிட்ட ஒண்ணு சொல்லணும், ஊருக்குப் போய் நேர்ல சொல்லணும்னு. என்னன்னு கேட்டேன், சிரிச்சாவ. அதுக்குள்ள ஆசுபத்திரின்னு ஆயிப்போச்சு." தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "அத்தாங்கிட்ட நான்தான் சொல்லணும். நீங்க கூட இருங்கக்கா, அது போதும்."

அன்று மாலை லூர்து வீட்டில், தட்டில் பொரித்த சீலா மீன் ஆறிக்கொண்டிருந்தது. ரெஜினா ஒரு டம்ளரை எடுத்து அதே தாளைச் சுற்றி, அவருக்கு எல்லாவற்றையும் சொன்னாள். நான் சொன்னதைவிடச் சுருக்கமாக, நன்றாகவே சொன்னாள். லூர்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏன் மேடம், ஒங்க ஆபீஸ்ல எவனாவது பொறாமையில இப்படிக் கெளப்பி விட்டுட்டானா? வெள்ளக்காரனுக்கு நம்ம பய கண்டுபிடிச்சா பொறுக்குமா?"

"இல்லை அண்ணை. தம்பியே சொன்னவர்."

"அவன் செத்துப் போயிட்டான்! செத்தவன் சொன்னான்னு யாரு வேணாலும் எது வேணாலும் சொல்லலாம்!" கையை உதறிக்கொண்டு எழுந்தார். "ஊரு பூரா சொல்லியாச்சு. ஃபாதர் பிரசங்கத்துல சொல்லியாச்சு. ஃபிளக்ஸ் வச்சாச்சு. இப்பப் போய் இல்லங்கவா? எங்க மூஞ்சிய எங்க கொண்டு வைக்க? ஏ ரெஜினா, கல்லுல இருந்துட்டுப் போட்டுமே. எவன் வந்து பாக்கப் போறான்?"

ரெஜினா தாளை டம்ளரிலிருந்து பிரித்தாள். "அவிய பாப்பாவ அத்தான்."

லூர்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பைக் சத்தம் தெருமுனை வரை கேட்டது. அவர் மனைவி என் தட்டில் மேலும் ஒரு துண்டு மீனை வைத்து, "அவியளுக்குக் கோவம் வந்தா இப்படித்தான், நீங்க சாப்பிடுங்க" என்றார். சாப்பிட்டேன். மண் மாதிரி இருந்தது.

அடுத்த நாள் என்னை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. தனியாக ஊர் சுற்றினேன். பேக்கரியில் முந்திரிப் பருப்புப் போட்ட மக்ரூன் வாங்கினேன். வாயில் வைத்தால் காணாமல் போகிறது. மீன்பிடித் துறைமுகத்தில் மழைக்காக நாட்டுப் படகுகளைக் கரையேற்றியிருந்தார்கள். ஒரு கடையில் முத்துமாலை காட்டினார்கள். இந்தக் கடலில் எடுத்ததா என்று கேட்டேன். கடைக்காரர் கூசாமல், "இது ஹைதராபாத்ல இருந்து வருது மேடம், இங்கன முத்துக் குளிச்சு ரொம்ப காலமாச்சு" என்றார். பொய் சொல்லி விற்றிருக்கலாம். உண்மை சொன்னதற்காகவே ஒன்று வாங்கினேன்.

ஆட்டோவில் திரும்பும்போது ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். பக்கத்து டீக்கடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். "நாளைக்குக் கல்லறைக்குப் போறியாலே?" "போணும். லூர்து தம்பி கல்ல மந்திரிக்காவல்லா. அணுவக் கண்டுபிடிச்சவன் நம்ம தெருன்னா சும்மாவா?" ரயில் வரும்வரை அதையே பேசினார்கள். எனக்கு ததேயு மேல் கோபம் கோபமாக வந்தது. இறந்தவன் மேல் கோபப்படுவது சரியில்லைதான், ஆனாலும் வந்தது. ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கக் கூடாதாடா? உன் அண்ணனின் தலையிலும் பெண்டாட்டி தலையிலும் ஏற்றிவிட்டுப் போனாயே?

இருட்டும் நேரத்தில் ரெஜினா வந்தாள். "அத்தான் காலைல இருந்து கல்லுக் கடையிலதான் இருக்காவளாம். என்ன செய்யாவன்னு தெரியல. போன் போட்டா அண்ணாச்சியும் எடுக்க மாட்டேங்காரு." "அந்த எழுத்தோட வச்சாவன்னா நாளைக்கு நான் கல்லறைக்கு வர மாட்டேன் அக்கா. பொய்க்கு முன்னால மெழுகுதிரி கொளுத்த என்னால முடியாது." இப்படிப் பேசும் ரெஜினாவை நான் பார்த்ததில்லை.

திருநாள் அன்று மதியம் மழை விட்டது. கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் மண்பாதை சேறாகிக் கிடந்தது. நானும் ரெஜினாவும் நடந்து போனபோது லோடு ஆட்டோ ஒன்று பாதி வழியில் சக்கரம் புதைந்து உறுமிக்கொண்டிருந்தது. பின்னால் சாக்குப் போர்த்திய கல். லூர்து தனியாகத் தள்ளிக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி முழங்கால்வரை சேறு. எங்களைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். ரெஜினா நின்றுவிட்டாள். சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் போய்த் தோளைக் கொடுத்தேன். சக்கரம் சுழன்று என் முகமெல்லாம் சேற்றை வாரி அடித்தது. டிரைவர் இறங்கிப் போய்க் கல் தேடி வந்து சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார். அந்த இடைவெளியில் லூர்து என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"எங்கிட்ட ஏன் அவன் சொல்லல?"

இரண்டு நாளாக அவரைத் தின்றுகொண்டிருந்தது இந்தக் கேள்விதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. துகளும் இல்லை, ஃபிளக்ஸும் இல்லை.

"நானும் கேட்டனான் அண்ணை. 'அண்ணன் அவ்வளவு சந்தோசமா இருக்காவ அக்கா, போன்ல சொல்லிக் கெடுக்க மனசு வரல, நேர்ல போய்ச் சொல்லுதேன்' எண்டவர். ரெஜினாவிட்டையும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். வர விடேல்ல, அந்தப் புற்றுநோய் வருத்தம் முந்திட்டுது."

லூர்து மறுபடி தோளைக் கொடுத்துத் தள்ளினார். வண்டி கிளம்பியது.

கல்லறைத் தோட்டம் முழுக்க ஆட்கள். சுண்ணாம்பு அடித்த கல்லறைகளின் மேல் செவ்வந்தி, சாம்பிராணிப் புகை. குழந்தைகள் உருகிய மெழுகை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரிலும் இந்த நாளில் இப்படித்தான். நான் இருக்கும் நாட்டில் கல்லறைக்குப் போகிறவர்கள் குரலைத் தாழ்த்தித் தனியே போய்த் தனியே வருவார்கள். இங்கே இறந்தவர்களுக்கு ஊர்க்கதை முழுவதும் காதில் விழும். கல்லை நிறுத்திச் சிமெண்ட் பூசும்வரை சாக்கு அதன் மேலேயே இருந்தது. ரெஜினா கொஞ்சம் தள்ளி, மெழுகுதிரியைக் கொளுத்தாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஃபாதர் வந்தார். லூர்து சாக்கை இழுத்தார்.

குருசு. பெயர். அதன் கீழே, எழுத்து இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. மெஷின் வைத்து ஆழமாகத் தேய்த்திருந்தார்கள். மெருகு போய், அந்த இடம் மட்டும் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் குழிந்திருந்தது. அதற்கும் கீழே படம், ஓரத்தோடு முழுசாக. வலது பக்கத்தில் அந்தத் தெறிப்பு ஒரு கோடு விடாமல் ஒன்றாக நின்றது.

ரெஜினாவின் தோள் குலுங்கியது. இவ்வளவு நாளும் அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். ஜெபம் முடிந்ததும் கூட்டத்தில் ஒருவர், துறைமுகத்து ஆள் போலிருக்கிறது, எட்டிப் பார்த்துக் கேட்டார். "என்ன லூர்து, அணுவக் கண்டுபிடிச்சான்னு எழுதப் போறதாச் சொன்ன? எழுத்தக் காணோம்?"

எல்லோரும் லூர்தைப் பார்த்தார்கள். அவர் சேற்று வேட்டியோடு தம்பியின் கல்லுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். அந்தப் பெரிய குரல் எடுத்த உடனே உடைந்தது. செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

"அணு இல்ல. எந்தம்பி கண்டுபிடிச்சது ஒரு தப்ப. அங்கன அத்தன பெரிய படிப்புப் படிச்சவிய கூடிப் பாத்தும் ஒருத்தருக்கும் தெரியல. இவனுக்குத் தெரிஞ்சிது. யாரு செஞ்ச தப்பு தெரியுமா? இவனே செஞ்சது. மறைச்சிருந்தா எவனுக்கும் தெரிஞ்சிருக்காது. மறைக்கல. அவனே போய் எல்லாத்துக்கிட்டயும் சொல்லிட்டான்." மூச்சு வாங்கினார். "எங்கிட்டதான் சொல்ல முடியல. அத்தன சத்தம் போட்டுட்டேன் நான்."

ரெஜினா முன்னால் வந்து மெழுகுதிரியைக் கொளுத்திக் கல்லடியில் வைத்தாள். காற்றுக்கு அணையாமல் லூர்து குனிந்து இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டார். குனிந்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சரியாச் சொன்னேனா தங்கச்சி?"

"சரி அண்ணை" என்றேன்.